எட்டு நாற்பத்திரண்டு சார்

எங்கள் கம்பெனியில் அவருக்கு எட்டு நாற்பத்திரண்டு என்று பெயர். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அது அவர் கும்மிடிப்பூண்டிக்கு வந்து இறங்கும் ரயிலின் நேரம் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் மோட்டார் சைக்கிளில் வருகிறவர் என்று தெரிந்ததும் குழம்புவார்கள். நாங்கள் யாரும் விளக்கம் சொல்வதில்லை. ஒரு வாரம் கேன்டீனில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் அவரே சொல்லிவிடுவார்.

பைனாகுலரில் எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்ற கணக்கு. நாற்பத்திரண்டு என்பது முன்பக்கக் கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். பத்து மடங்கு வாங்குகிறவன் பேராசைக்காரன். கை நடுக்கமும் பத்து மடங்காகத்தான் தெரியும். ஐம்பது மில்லிமீட்டர் வாங்கினால் கழுத்து வலிக்கும், இருபத்தைந்து வாங்கினால் சாயங்காலம் ஆனதும் ஒன்றும் தெரியாது. ஆகவே வெளியில் சுற்றுகிற மனிதனுக்கு எட்டுக்கு நாற்பத்திரண்டு. இதை அவர் சொல்லி முடிக்கும்போது அவருடைய சாம்பார் சாதம் ஆறியிருக்கும். கேட்டவருடையதும் ஆறியிருக்கும்.

இவ்வளவு தெரிந்த மனிதரிடம் சொந்தமாக ஒரு பைனாகுலர் கிடையாது. வாங்கவில்லை என்று சொல்ல முடியாது. நான் பார்த்தே ஏழெட்டு வாங்கியிருப்பார். ஒவ்வொன்றையும் பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பிவிடுவார். ஒன்றில் நடுவில் இருக்கிற சக்கரம் இறுக்கம். ஒன்றில் ஓரத்தில் இருக்கிற மரம் லேசாக வளைகிறது. இன்னொன்றின் ரப்பர் நாற்றம் அவருக்குத் தும்மல் வரவழைத்தது. கொரியர்காரர் கம்பெனி கேட்டில் பெட்டியைக் கொடுத்துவிட்டு, "சார், ரிட்டர்ன் எடுக்க எப்ப வரட்டும்?" என்று அப்போதே கேட்டுக்கொண்டு போவார்.

நான் அப்போது அந்தக் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருந்தேன். பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கிற தொழிற்சாலை. அவர் தரக் கட்டுப்பாட்டுக்குத் தலைவர். ஐம்பதை ஒட்டிய வயது, ஒல்லி, மூக்குக்கண்ணாடி. சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் சின்ன வெர்னியர் காலிப்பர் ஒன்று எப்போதும் இருக்கும். கம்பியின் பருமனை அளக்கிற அந்தக் கருவியால் அவர் கேன்டீன் வடையின் பருமனை அளந்து புகார் எழுதியதை நானே பார்த்திருக்கிறேன்.

எதையும் சட்டென்று தேர்ந்தெடுத்துவிட அவரால் முடியாது. ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு கம்பெனிக்கு வந்திருந்தபோது அவர் மனைவி என்னிடம் சொன்னார். "என்னப் பொண்ணு பாத்துட்டுப் போனவரு ஏழு மாசம் பதிலே சொல்லல. அப்புறம் அவங்க அம்மா வந்து பூ வெச்சிட்டுப் போயிட்டாங்க. இன்னி வரைக்கும் இவரு சரின்னு சொன்னாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது." சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்ற எட்டு நாற்பத்திரண்டு சிரிக்கவில்லை. ஏழு மாதம் இல்லை, ஆறரை என்று திருத்தினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களில் ஆறேழு பேரைப் பழவேற்காட்டு ஏரிக்குப் பறவை பார்க்கக் கூட்டிக்கொண்டு போகிற பழக்கத்தை ஏற்படுத்தியது அவர்தான். அதற்கு முன்னால் எனக்குக் கொக்கும் நாரையும் ஒன்றுதான். நன்றி சொல்ல வேண்டிய விஷயம்தான். ஆனால் எனக்கென்று ஒரு பைனாகுலர் வாங்கலாம் என்று தோன்றியபோது அவரிடம் போய் யோசனை கேட்டது நான் செய்த தவறு.

"உனக்கு இன்னா வயசும்மா?"

"முப்பத்தி மூணு சார்."

"அப்ப இருட்டுல உன் கண்ணு பாப்பா ஏழு மில்லிமீட்டர் வரைக்கும் விரியும். எனக்கெல்லாம் அஞ்சுதான். படகுல இருந்து பாப்பியா, கரைல இருந்து பாப்பியா?"

"ரெண்டும்தான் சார்."

"ரெண்டும்னா எப்படி? படகு ஆடும். ஆடுற எடத்துக்கு ஏழு மடங்கே போதும். கண்ணாடி போடுவியா?"

"இல்ல சார்."

"இப்ப போடல. நாப்பதுக்கு மேல போட்டா? அப்ப கண்ணுக்கும் லென்ஸுக்கும் நடுவுல பதினஞ்சு மில்லிமீட்டராவது எடம் வேணும். இரு, அசையாத."

காலிப்பரை எடுத்து என் இரண்டு கண்களுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளந்தார். அலுவலகத்தில் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறுபத்தொன்று வந்தது. குறித்துக்கொண்டார். அடுத்த மூன்று வாரம் தினமும் ஒரு கேள்வி வரும். மழையில் போவாயா, வண்ணத்துப்பூச்சியைக் கிட்டத்தில் பார்ப்பாயா, உள்ளே நைட்ரஜன் நிரப்பியது வேண்டுமா. நான்காவது வாரம் சித்தி மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கச் சென்னைக்குப் போனேன். ஜவுளிக்கடைக்கு எதிரே ஒரு கடையில் பைனாகுலர் இருந்தது. கையில் பிடித்துப் பார்த்தேன். கைக்கு அடக்கமாக இருந்தது. தெருக்கோடியில் இருந்த பெயர்ப்பலகை நன்றாகத் தெரிந்தது. வாங்கிவிட்டேன். பத்து நிமிஷம்.

திங்கட்கிழமை சொன்னதும் அவர் முகம், வீட்டில் துக்கம் நடந்ததைக் கேட்டவர் மாதிரி ஆயிற்று. "பிரிசம் இன்னா கிளாஸுன்னு கேட்டியா?" என்றார். கேட்கவில்லை என்றேன்.

அந்த ஞாயிறு ஏரியில் பூநாரைகள் இறங்கியிருந்தன. படகுக்காரர் என்ஜினை நிறுத்திவிட்டார். தண்ணீர் முட்டிக்குக் கீழேதான். தூரத்தில் ஒரு வெளிர்ச் சிவப்புக் கோடு. என் பைனாகுலரில் பார்த்தால் அந்தக் கோடு நூற்றுக்கணக்கான கால்களாகப் பிரிந்தது. எல்லாம் தலைகீழாக வாயைத் தண்ணீரில் வைத்து மேய்ந்துகொண்டிருந்தன. திடீரென்று ஒரு மூலையிலிருந்து எழும்ப ஆரம்பித்தன. இறக்கைக்கு அடியில் கருப்பும் சிவப்பும். பக்கத்தில் இருந்த எட்டு நாற்பத்திரண்டு கையை நீட்டினார். அவருடையது வழக்கம்போலக் கொரியரில் போய்க்கொண்டிருந்தது. கொடுத்தேன். பறவைகள் தலைக்கு மேலே வட்டமடித்துத் தெற்கே போகும்வரை பார்த்தார்.

"எப்படி சார்?" என்றேன்.

"ஓரத்துல ஊதா கோடு வருதும்மா. இந்தக் கண்ணாடி திருப்பிக் குடுக்க முடியுமா பாரு."

பூநாரையைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.

இவரை இப்படியே கிண்டல் செய்து முடித்துவிடலாம். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்கே நியாயமாகப் படாது. ஒருமுறை பாலத்துக்குப் போக வேண்டிய கம்பி ஒரு லாரி முழுக்க ஏற்றி, தார்ப்பாய் போட்டு, டிரைவர் வண்டியில் உட்கார்ந்த பிறகு நிறுத்தினார். வளைத்துப் பார்த்த ஆறு துண்டில் ஒன்றில் மயிரிழை அளவு வெடிப்பு. முதலாளியே போனில் கத்தினார். "ஆறுல அஞ்சு சரியா இருக்கே" என்றார். "ஆறாவது மேலதான் சார் பஸ்ஸு போவும்" என்று சொல்லிவிட்டு இவர் போனை வைத்துவிட்டார். லாரி இறக்கப்பட்டது. அன்றைக்கு அவரைப் பற்றி எங்களுக்குப் பெருமையாக இருந்தது. அவருடைய இழுவையை அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நாங்கள் பொறுத்துக்கொண்டதற்கு அந்த ஒரு லாரிதான் காரணம்.

எங்கள் உலைக்குப் பக்கத்தில் இரும்புப் புகைபோக்கி ஒன்று உண்டு. ஒன்பது மாடி உயரம். நாலு பக்கமும் இரும்புக் கயிறு கட்டி இழுத்துப் பிடித்திருக்கும். அந்தக் கயிறுகளைப் பிடித்திருக்கிற கிளாம்புகள் கடல் காற்றில் துருப்பிடிக்கும், தளரும். மாதம் ஒருமுறை மோசஸ் அண்ணன் ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு வந்து எழுதிக் கொடுப்பார். காண்ட்ராக்ட் தொழிலாளி. பொன்னேரிக்குப் பக்கத்துக் கிராமம். அப்பா காலம் வரைக்கும் மற்றவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். இவர் இளவட்டத்தில் புகைபோக்கி ஏற ஆரம்பித்தவர். ஐம்பது நெருங்கிவிட்டது, முட்டி வலி.

ஒரு பாதுகாப்புக் கூட்டத்தில் மோசஸ் அண்ணன் எழுந்து நின்றார். கூட்டத்தில் காண்ட்ராக்ட் ஆட்கள் பேசுவது வழக்கம் இல்லை.

"சார், நான் மேல போய் கண்ணாலதான பாக்கறேன். தொட்டுக் கூடப் பாக்கறதில்ல. கீழ நின்னுக்கினே ஒரு தூரக்கண்ணாடில பாத்தா ஆவாதா? லூசா இருந்தா அப்ப கிரேனைக் கூப்புடுங்க, கூண்டுல உக்காந்துகினு போயி டைட்டு பண்ணிடலாம்."

மேனேஜர் அப்போதே ஒத்துக்கொண்டார். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எட்டு நாற்பத்திரண்டைத் திரும்பிப் பார்த்தோம். பைனாகுலரைத் தேர்வு செய்யும் பொறுப்பு அவருக்கு. வாங்கும் பொறுப்பு எனக்கு. அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை.

முதல் மாதம் ஒப்பீட்டு அட்டவணை வந்தது. நாலு மாடல், எட்டுத் தலைப்பு. நான் ஆர்டர் போடத் தயாரானபோது திரும்ப வாங்கிக்கொண்டார். புகைபோக்கியை அண்ணாந்து பார்க்க வேண்டும், கழுத்துக் கோணம் கணக்கில் வரவில்லை. இரண்டாவது மாதம் பதினோரு மாடல். மூன்றாவது மாதம் மோசஸ் அண்ணனை அறைக்கு வரச்சொல்லி அவருடைய கண் தூரத்தை அளந்தார். அண்ணன் வெளியே வந்து என் ஜன்னலில் நின்றார்.

"மேடம், இவரு எனக்குக் கண்ணாடி வாங்கறாரா, சவப்பெட்டி வாங்கறாரா? தலைய அளக்கறாரு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதை அன்று மாலைக்குள் அலுவலகம் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

மார்கழியில் சாம்பிளாக வந்த ஒன்றை அவர் பனிமூட்டத்தில் சோதிக்க வேண்டும் என்றார். பனி விழுவதற்காகக் காத்திருந்தார். பனி விழுந்தது, பார்த்தார். அடுத்து வெயிலில் கானல் அடிக்கும்போது எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார். வெயிலுக்குக் காத்திருந்தார். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் மோசஸ் அண்ணன் புகைபோக்கியில் ஏறி இறங்கி, வேர்வையோடு என் ஜன்னலுக்கு வருவார்.

"கண்ணாடி வந்துச்சா மேடம்?"

"சார் வெயிலுக்காக வெயிட்டிங் ண்ணா."

நான் சிரிப்பேன். அவரும் சிரிப்பார். அட்டவணையின் புதுத் தலைப்புகளை அவருக்குப் படித்துக் காட்டுவேன். எங்களுக்குள் அது மாதாமாதம் நடக்கிற வேடிக்கை மாதிரி ஆகிவிட்டது. கோப்பு இரண்டு அங்குலம் தடித்தது. மேனேஜரிடம் போய் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். தோன்றவில்லை. வேடிக்கை தீர்ந்துவிடும் என்றுகூட நினைத்திருப்பேன்.

எட்டாவது மாதம் ஒரு திங்கட்கிழமை என் பைனாகுலர் பையிலேயே இருந்தது. முந்தின நாள் ஏரிக்குப் போனதில் எடுத்துவைக்க மறந்திருந்தேன். மோசஸ் அண்ணன் அன்று ஏற வேண்டும். முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"ண்ணா, இத வெச்சிப் பாருங்களேன்" என்று கொடுத்தேன்.

ஒரு சாக்கை விரித்து மல்லாந்து படுத்துக்கொண்டார். இடது கண்ணுக்கு நடுச்சக்கரம், வலது கண்ணுக்குத் தனியாக ஒரு வளையம் என்று காட்டிக் கொடுத்தேன். இரண்டு நிமிஷம் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யம்மாடி, பல்லி வால் கூடத் தெரியுது மேடம். தோ, வடக்கால ரெண்டாவது கிளாம்பு. நட்டு லூசு. மரை வெளிய தெரியுது பாருங்க."

நானும் படுத்துப் பார்த்தேன். தெரிந்தது. துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு இரண்டு பேரும் சந்தோஷமாக எட்டு நாற்பத்திரண்டின் அறைக்குப் போனோம்.

அவர் சீட்டைப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"இதுலயா பாத்தீங்க?"

"ஆமா சார்."

"இது ஓரத்துல கலர் அடிக்கிற கண்ணாடி. இதுல பாத்துட்டு மூணாவது கிளாம்ப விட்டுட்டா யாரு பொறுப்பு?"

"நல்லாத் தெரிஞ்சது சார். ரெண்டு பேரு பாத்துட்டோம்" என்றேன்.

"ரெண்டு பேரு பாத்தா ரெண்டு தடவ தப்பாப் பாத்ததாவும் இருக்கலாம்."

மோசஸ் அண்ணன் மெதுவாகச் சொன்னார். "சார், லூசுன்னு தெரிஞ்சிடுச்சி. கிரேனு வந்தா அவங்களே மேல போயிப் பாத்துக்குவாங்க. நான் ஏறி இன்னாத்துக்கு?"

"கிரேன் கூப்பிடணும்னா நிச்சயமாத் தெரியணும்ப்பா."

அந்தச் சீட்டுக்குக் கீழேயே ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினார். அங்கீகாரம் இல்லாத கருவியில் பார்த்த விவரம் செல்லாது. நேரில் ஏறிப் பார்த்து உறுதி செய்யவும். கையெழுத்து, தேதி. சீட்டை என்னிடம் கொடுத்துக் கோப்பில் வைக்கச் சொன்னார்.

மறுநாள் காலை மோசஸ் அண்ணன் ஏறினார். இரண்டு ஆள் உயரம் போயிருப்பார். ஏணிப்படி ஒன்று அவர் காலோடு கழன்று வந்துவிட்டது. இடுப்பு பெல்ட்டை மாட்டுகிற கயிறு அதற்கும் மேலேதான் ஆரம்பிக்கிறது. கீழே அடுக்கியிருந்த இரும்புத் துண்டுகள்மேல் பக்கவாட்டில் விழுந்தார். நான் போய்ப் பார்க்கும்போது நினைவு இருந்தது. "முட்டி இல்ல மேடம், இடுப்பு" என்றார், ஏதோ நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி. துருப்பிடித்த அந்தப் படியைப் பார்க்க எந்தக் கண்ணாடியும் தேவையில்லை. கீழே நின்று தலையைத் தூக்கினால் போதும். யாரும் தூக்கவில்லை. எல்லாரும் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இடுப்பு எலும்பு முறிவு, மணிக்கட்டு முறிவு. ஆபரேஷன். நான்காம் நாள் என்னைக் கோப்பை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு வரச்சொன்னார்கள். மேனேஜர், காண்ட்ராக்டர், எட்டு நாற்பத்திரண்டு மூவரும் இருந்தார்கள். விபத்து அறிக்கை தயாராகத் தட்டச்சாகி இருந்தது. தொழிலாளி பெல்ட் மாட்டாமல் கவனக்குறைவாக ஏறியதால் விழுந்தார் என்று அதில் இருந்தது. அப்படி எழுதிவிட்டால் காண்ட்ராக்டர் நஷ்டஈடு எதுவும் தராமல் மோசஸ் அண்ணனை அப்படியே கழற்றிவிட்டுவிடலாம். பைனாகுலர் என்ற சொல்லே அறிக்கையில் இல்லை.

"சார், நீங்க ஒரு கையெழுத்து" என்று மேனேஜர் அதை எட்டு நாற்பத்திரண்டின் பக்கம் தள்ளினார்.

எனக்கு அப்போது ஒரு நிம்மதி வந்தது. இவர் போடமாட்டார் என்று எனக்குத் தெரியும். அட்டவணை கேட்பார். பெல்ட்டின் நீளத்தைக் கேட்பார். கயிறு எந்த உயரத்தில் ஆரம்பிக்கிறது என்று காலிப்பரோடு கிளம்பிப் போவார். ஏழு மாதம் இழுப்பார். இழுக்கட்டும், இந்த ஒரு தடவை நன்றாக இழுக்கட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பத்து விநாடி ஆகியிருக்காது. ஒரு வரிகூடப் படிக்கவில்லை. பிறகு மூடியைப் போட்டுப் பேனாவைப் பையில் செருகிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் வெளியே போனார்.

நான் கோப்போடு என் இடத்துக்கு வந்தேன். அந்தத் துண்டுச் சீட்டு கோப்பில் பத்திரமாக இருந்தது. நகல் எடுத்தேன். அன்று சாயங்காலமே பொன்னேரியில் இறங்கி, மோசஸ் அண்ணன் மனைவி ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். ஆங்கிலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொன்னேன். அவர் இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். விசாரணைக்கு அரசாங்க அதிகாரி வந்த அன்று ஸ்டெல்லா கம்பெனி கேட்டிலேயே நின்று, சீட்டை அதிகாரி கையில் நேராகக் கொடுத்துவிட்டார்.

அறிக்கை திருத்தி எழுதப்பட்டது. மோசஸ் அண்ணனுக்கு நஷ்டஈடு வந்தது; கோல் ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் கேட்டில் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றைக் கம்பெனி கொடுத்தது. எல்லாம் முடிய ஒன்பது மாதம் ஆயிற்று. என்னைக் கொள்முதல் பிரிவிலிருந்து எடுத்து, கேன்டீன் டோக்கன் அடிக்கிற மேஜைக்கு மாற்றினார்கள். எட்டு நாற்பத்திரண்டை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். தேர்வாய் கண்டிகையில் ஏதோ ஒரு கம்பெனிக்குப் போனார். கம்பெனிக்கு வேண்டிய பைனாகுலரை மேனேஜர் போனிலேயே ஆர்டர் செய்தார். மூன்றாம் நாள் வந்துவிட்டது. என்ன மாடல் என்று நான் பார்க்கவில்லை.

விபத்து நடந்து இரண்டு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொன்னேரி மார்க்கெட்டில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். "ஏம்மா" என்று குரல் கேட்டது. அவர்தான். முடி முழுக்க நரைத்திருந்தது. நலம் விசாரித்தார். பிறகு எதற்கு நின்றுகொண்டிருக்கிறோம் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

"மோசஸ் எப்படி நடக்கறாரு?"

"கோல் வெச்சிக்கினு நடக்கறாரு சார். நீங்க போய்ப் பாக்கலயா?"

"போவணும்னுதான்மா. ரெண்டு வருஷமா நினைச்சிக்கினு இருக்கேன். ஆஸ்பத்திரில இருக்கும்போது போனா பேஜாரா இருக்கும். கேஸு நடக்கும்போது போனா தப்பா எடுத்துக்குவாங்க. இப்ப போனா, ஏன் இவ்ளோ நாள் வரலன்னு கேப்பாங்க. எப்ப போனா சரியா இருக்கும்னு..."

"இப்ப போனா சரியா இருக்கும் சார். பத்து நிமிஷம்தான். நான் கூட்டிக்கினு போறேன்."

அவர் வானத்தைப் பார்த்தார். கையில் இருந்த பையைப் பார்த்தார். "வெறுங்கையோட எப்படிம்மா" என்று பழக்கடைப் பக்கம் போனார். சாத்துக்குடியா ஆரஞ்சா என்று எடுத்து எடுத்துப் பார்த்தார். மோசஸுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். ஆப்பிளின் அடியைத் திருப்பிப் பார்த்தார். கால் மணி நேரம் பொறுத்தேன். பிறகு ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

"சார், நான் போறேன். வர்றதுன்னா வாங்க."

ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு பழத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து பின்னால் உட்கார்ந்தார்.

மோசஸ் அண்ணன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார். பழக்கம். "உக்காருப்பா, உக்காருப்பா" என்று இவர் பதறினார். உள்ளே போனோம். ஸ்டெல்லா கதவு ஓரமாக நின்றார். உட்காரச் சொல்லவில்லை, நாங்களாக உட்கார்ந்தோம்.

"வலி இருக்கா?" என்று எட்டு நாற்பத்திரண்டு கேட்டார். "கால் எவ்ளோ தூரம் மடங்குது?"

மோசஸ் அண்ணன் மடக்கிக் காட்டினார். அவர் குனிந்து பார்த்தார்.

"சார்" என்றார் ஸ்டெல்லா. "என் ஊட்டுக்காரரு உழுந்தத நீங்க பாத்தீங்களா?"

"இல்லம்மா. நான் ரூம்ல இருந்தேன்."

"பெல்ட்டு மாட்டலன்னு உங்களுக்கு யாராவது சொன்னாங்களா?"

"இல்ல."

"அப்ப இன்னாத்தப் பாத்துட்டு கையெழுத்து போட்டீங்க?"

மோசஸ் அண்ணன் "உடு ஸ்டெல்லா" என்றார். ஸ்டெல்லா விடவில்லை. பதில் வருகிறவரை நிற்கப் போகிறவர் மாதிரி நின்றார்.

எட்டு நாற்பத்திரண்டு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் விளக்கம் ஆரம்பிக்கப் போகிறார், இன்று இருட்டும் வரைக்கும் முடியாது என்று நினைத்தேன்.

"பயம்மா" என்றார். "அந்தச் சீட்டு எழுதுனது நான். வேலை போயிடும்னு பயந்துட்டேன்."

அவ்வளவுதான். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவர் பேசி நான் கேட்ட எந்தப் பேச்சும் இவ்வளவு சீக்கிரம் முடிந்ததில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. இந்தக் காட்சிக்குத்தான் அவரைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு வந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சீட்டு கொண்டாந்து குடுத்தீங்க. அத நாங்க மறக்கல மேடம். ஆனா ஒன்னு கேக்கறேன். மாசா மாசம் இவரு ஜன்னலாண்ட வந்து கண்ணாடி வந்துச்சான்னு கேக்கும்போது நீங்க சிரிப்பீங்களாமே. ஊட்டுக்கு வந்து சொல்லுவாரு. இன்னிக்கும் சிரிச்சாங்க, நானும் கூடச் சேந்து சிரிச்சிட்டு வந்துட்டேன்னு. சொல்லிக்கினே தைலம் தேய்ப்பாரு. நீங்க அன்னிக்கு மேனேஜராண்ட போயி ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஆவாதா?"

மோசஸ் அண்ணன் இந்தத் தடவை உடு என்று சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பயம் என்று சொல்லக்கூட எனக்கு வழி இல்லை. எனக்கு அப்போது யாரிடமும் பயம் கிடையாது.

ஸ்டெல்லா உள்ளே போய் இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, ஒன்றை அவர் முன்னாலும் ஒன்றை என் முன்னாலும் வைத்தார்.